ஒரே தரவில் பல சோதனைகள்: பிழைக்கு வரம்பு கட்டும் முறைகள்

புள்ளியியல் சோதனை எதுவானாலும் அதில் தவறு நேர ஒரு வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதைச் சோதனை செய்பவர் முன்கூட்டியே முடிவுசெய்கிறார். வழக்கமாக அது 5 விழுக்காடு. ஒரு புதிய மருந்துக்கும் பழைய மருந்துக்கும் வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறார்கள். இது இன்மைக் கருதுகோள். அப்படி இருக்கும்போது, கையில் கிடைத்த அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு வெறும் தற்செயலால் தோன்றுவதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அதுவே பி-மதிப்பு. அது 0.05ஐத் தாண்டாமல் இருந்தால் இன்மைக் கருதுகோள் தள்ளப்படுகிறது, மருந்துகளுக்குள் வேறுபாடு உண்டு என்று அறிவிக்கப்படுகிறது. இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்வது முதல் வகைப் பிழை. இருக்கும் வேறுபாட்டைக் காணாமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை.

அந்த 5 விழுக்காட்டு உறுதி ஒரே ஒரு சோதனைக்கு உரியது. ஒரு தரவில் 20 கேள்விகள் கேட்கப்படுவதாகவும், அந்த 20க்கும் உண்மையான விடை ‘இல்லை’ என்பதாகவும் கொள்வோம். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 20இலும் தவறாமல் தப்பிக்கும் நிகழ்தகவு 0.95ஐ 20 முறை பெருக்கி வருவது, அதாவது 0.36. ஒரு பொய் விடையாவது கிடைக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. 5 சோதனைகளுக்கே அது 23 விழுக்காடு, 10க்கு 40, 100க்கு 99.4. இதில் எந்தச் சோதனையும் தவறாகச் செய்யப்படவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே தான் சொன்ன 5 விழுக்காட்டைக் காப்பாற்றத்தான் செய்கிறது.

சிக்கல் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஒரே ஒரு கேள்விக்கு 0.03 என்ற பி-மதிப்பு வந்தால் அது கவனிக்கத்தக்க செய்தி. அதே 0.03, 20 பி-மதிப்புகளில் மிகச் சிறியது என்பதற்காகப் பொறுக்கி எடுக்கப்பட்டதென்றால் கதை வேறு. எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாத 20 சோதனைகளில் மிகச் சிறிய பி-மதிப்பு 0.03 அல்லது அதற்குக் கீழே அமைவதற்கு 46 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எண் மாறவில்லை, அதன் எடை மாறிவிட்டது. ஒரு முடிவை எடைபோட, அது எத்தனை கேள்விகளுக்கு நடுவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் தெரிந்தாக வேண்டும். பிழைக்கு வரம்பு கட்டும் முறைகள் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே.

இதை 1843லேயே கண்டு எழுதியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆந்த்வான் அகுஸ்தென் கூர்னோ. ஆண், பெண் பிறப்பு விகிதம் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. பிறப்புகளைத் தலைப்பிள்ளை, மற்ற பிள்ளைகள் என்று பிரிக்கலாம். பெற்றோரின் வயது, தொழில், செல்வம், சமயம் என்று எத்தனையோ வகையில் பிரித்துக்கொண்டே போகலாம். போதிய அளவு பிரித்தால் ஏதாவது ஒரு பிரிவில் விகிதம் பளிச்சென்று மாறித் தெரியும். ஆய்வாளர் தாண்டி வந்த பலனற்ற பிரிவுகள் எந்தத் தடயமும் விடுவதில்லை. வாசகர் கைக்கு வருவது பளிச்சென்று தெரிந்த அந்த ஒன்று மட்டுமே. பி-மதிப்பு பரவலாகப் புழங்கத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இதைக் கூர்னோ இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மருத்துவத்தில் இந்த ஆபத்தை நேராகக் காட்டிய ஆய்வு ஐசிஸ்-2. ஆக்ஸ்போர்டிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு, 417 மருத்துவமனைகளில் மாரடைப்பு என்ற ஐயத்துடன் சேர்ந்த 17,187 பேரிடம் நடத்தப்பட்டது. 1988 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளியானது. பாதிப்பேருக்கு ஒரு மாதம் நாள்தோறும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மற்றப் பாதிக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பெற்றோரில் 804 பேர், அதாவது 9.4 விழுக்காடு, போலி மாத்திரை பெற்றோரில் 1,016 பேர், அதாவது 11.8 விழுக்காடு. மாரடைப்பு வந்தவருக்கு உடனே ஆஸ்பிரின் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்ற இந்த ஆய்வு பெரும் காரணம்.

இந்தப் பலன் வயதானவர்களுக்கு உண்டா, பெண்களுக்கு உண்டா, சர்க்கரை நோயாளிகளுக்கு உண்டா என்று உட்பிரிவு வாரியான அட்டவணைகள் வேண்டும் என்று கேட்கப்பட்டது. ஆய்வாளர்கள் அவற்றைக் கொடுத்தார்கள். கூடவே நோயாளிகளைப் பிறந்த தேதியின்படி மேலைநாட்டு முறையில் 12 ராசிகளாகப் பிரித்த கணக்கையும் சேர்த்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களிடம் ஆஸ்பிரின் பெற்றவர்களில் 150 பேரும் பெறாதவர்களில் 147 பேரும் இறந்திருந்தார்கள், 11.1 விழுக்காடு, 10.2 விழுக்காடு. அதாவது இந்த இரண்டு ராசிக்கு ஆஸ்பிரின் சற்றே கெடுதல் செய்வதுபோல் தெரிந்தது. மற்றப் பத்து ராசிகளிலோ பலன் மிக வலுவாக இருந்தது.

12இல் 2 ராசிகளை 66 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். அந்த 66இல் மோசமானதைப் பொறுக்கி எடுத்தால் அது மோசமாகத்தான் இருக்கும். ஆய்வாளர்கள் சொல்லவந்தது இதுதான்: ராசிப் பிரிவில் தெரிந்ததை நம்ப மறுக்கும் மருத்துவர், அதே அளவு ஆதாரத்தோடு வயதுப் பிரிவிலோ பாலினப் பிரிவிலோ தெரிவதையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். பலன் தரும் ஒரு மருந்தை, ஏதோ ஓர் உட்பிரிவில் அதன் பலன் தெரியவில்லை என்பதற்காக அந்தப் பிரிவினருக்கு மறுப்பதும் உயிரைப் பறிக்கும் தவறே. முதல் வகைப் பிழையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பிழையைக் கட்டுப்படுத்துவதற்கு, எந்தப் பிழையை என்று முதலில் வரையறுக்க வேண்டும். மிகப் பழைய வரையறை, ஒன்றாக எடுத்துக்கொண்ட சோதனைகள் எல்லாவற்றையும் ஒரு குடும்பமாகக் கொள்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒரு முதல் வகைப் பிழையாவது நேரும் நிகழ்தகவுக்குக் குடும்பப் பிழை வீதம் என்று பெயர். அதை 5 விழுக்காட்டுக்குள் அடக்க எளிய வழி, 0.05ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவையே ஒவ்வொரு சோதனைக்கும் வரம்பாக வைப்பது. 20 சோதனைக்கு வரம்பு 0.0025. பல நிகழ்ச்சிகளில் ஒன்றாவது நேரும் வாய்ப்பு, அவற்றின் தனித்தனி வாய்ப்புகளின் கூட்டுத்தொகையைத் தாண்டாது என்ற பூலின் சமனின்மையே இதற்கு அடிப்படை. இத்தாலியக் கணித அறிஞர் கார்லோ எமிலியோ பான்ஃபெரோனி 1930களில் இந்தச் சமனின்மைகளை விரித்தெழுதினார். அவர் பெயரே முறைக்கு நிலைத்தது. சராசரிகளை ஒப்பிடும் வேலைக்கு இதை முறையாக வகுத்துக் கொடுத்து, 1961இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஆலிவ் ஜீன் டன். அவர் பெயர் அதிகம் சொல்லப்படாதது ஒரு குறையே.

பான்ஃபெரோனி முறையின் பெரிய வலிமை, சோதனைகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புற்றிருந்தாலும் அது செல்லும் என்பது. சோதனைகள் சார்பற்றவை என்று தெரிந்தால் ஷிடாக் 1967இல் கொடுத்த சூத்திரம் சற்றே தாராளமான வரம்பைத் தரும். 20 சோதனைக்கு 0.0025க்குப் பதில் 0.00256. இந்த ஆதாயம் பொருட்படுத்தத்தக்கதன்று. மாறாக, சோதனைகள் தம்முள் நெருங்கிய தொடர்புள்ளவை என்றால் பான்ஃபெரோனி வரம்பு தேவைக்கு மீறிக் கடுமையாகிவிடும். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியே சோதிப்பவர் உண்மையில் இரண்டு முழுக் கேள்விகளைக் கேட்பதில்லை. அப்படிப்பட்ட இடங்களில், தரவின் குழு அடையாளங்களை ஆயிரக்கணக்கான முறை கலைத்துப்போட்டு, ஒவ்வொரு முறையும் மிகப் பெரிய வேறுபாடு எவ்வளவு வருகிறது என்று கணினியில் பார்த்து வரம்பை நிர்ணயிப்பார்கள். வெஸ்ட்ஃபால், யங் இருவரும் 1993இல் வெளியிட்ட நூல் இவ்வழியை நிலைநாட்டியது.

இந்தத் துறை முளைத்து வளர்ந்த நிலம் பெரிதும் வயல்வெளிதான். பத்து நெல் ரகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 45 இணைகள் வரும். புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இல் காட்டிய வழி, ரகங்களுக்குள் வேறுபாடு உண்டா என்று மொத்தமாக ஒரு சோதனை செய்து, உண்டென்றால் மட்டும் இணை இணையாக ஒப்பிடுவது. இந்திய வேளாண் ஆய்வுகளின் அட்டவணைகளுக்கு அடியில் இன்றும் காணப்படும் சி.டி. (கிரிட்டிகல் டிஃபரன்ஸ்) என்ற எண் இவ்வழியில் வந்தது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே ஒரு ரகம் மற்றவற்றிலிருந்து பெரிதும் மாறுபட்டிருந்தால் மொத்தச் சோதனை கதவைத் திறந்துவிடும். எஞ்சிய ஒன்பது ரகங்களுக்குள் இருக்கும் 36 இணைகளும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் உள்ளே நுழைந்துவிடும். சராசரிகளின் பக்கத்தில் எழுத்துகளை இட்டுக் காட்டும் டங்கன் முறையும் (1955) இங்கே பரவலாகப் புழங்குகிறது. அதன் அமைப்பின்படியே, உண்மையில் வேறுபடாத பத்து ரகங்களில் ஒரு பொய் வேறுபாடாவது தெரிவதற்கு 37 விழுக்காடு வரை இடம் உண்டு. 5 விழுக்காட்டு மட்டம் என்று அட்டவணையில் அச்சாகியிருப்பதைப் பார்ப்பவர் இதை அறிந்திருப்பது அரிது.

எல்லா இணைகளையும் ஒப்பிடும்போது குடும்பப் பிழையை 5 விழுக்காட்டிலேயே நிறுத்தும் முறையை ஜான் டூக்கி 1953இல் எழுதினார். அந்த நீண்ட கட்டுரை அச்சேறாமல் தட்டச்சுப் படிகளாகவே ஆய்வாளர் கைகளில் உலவி, 1994இல்தான் அவருடைய எழுத்துத் தொகுதியில் அச்சாயிற்று. அதே 1953இல் ஷெஃபே, எத்தகைய ஒப்பீட்டையும் தாங்கும் முறையைக் கொடுத்தார். இந்தியப் புள்ளியியலாளர்கள் எஸ்.என். ராய், ஆர்.சி. போஸ் இருவரும் பல அளவுகளுக்கு ஒரே சமயத்தில் நம்பிக்கை இடைவெளி அமைக்கும் கட்டுரையை வெளியிட்டார்கள். எல்லா ரகங்களையும் ஒரே ஒரு கட்டுப்பாட்டு ரகத்தோடு மட்டும் ஒப்பிட 1955இல் டன்னெட் தந்த முறை தனி. பத்து ரகத்துக்கு அதில் 9 ஒப்பீடுகளே வருவதால் வரம்பு அவ்வளவு கடுமையாக இராது. கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் கேட்பதால் கிடைக்கும் ஆதாயம் இது.

பான்ஃபெரோனியைவிட மேலான, ஆனால் அதைப்போலவே எந்த நிபந்தனையும் கேட்காத முறையை ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டூர ஹோல்ம் 1979இல் கொடுத்தார். கணக்குக்காக ஓர் ஆய்வில் 10 சோதனைகள் நடந்து, பி-மதிப்புகள் ஏறுவரிசையில் இப்படி வந்திருப்பதாகக் கொள்ளலாம்: 0.0008, 0.004, 0.0061, 0.0205, 0.023, 0.041, 0.11, 0.27, 0.48, 0.83. திருத்தம் எதுவும் செய்யாவிட்டால் முதல் ஆறும் 0.05க்குக் கீழே. பான்ஃபெரோனி வரம்பு 0.005, இரண்டுதான் தேறும். ஹோல்ம் முறையில் முதல் மதிப்பு 0.05ஐ 10ஆல் வகுத்த 0.005உடன் ஒப்பிடப்படுகிறது, தேறினால் அடுத்தது 9ஆல் வகுத்த 0.0056உடன், அதற்கடுத்தது 8ஆல் வகுத்த 0.00625உடன். மூன்றாம் மதிப்பு 0.0061 இங்கே தேறிவிடுகிறது. நான்காவது, 7ஆல் வகுத்த 0.0071ஐத் தாண்டிவிட்டதால் அதோடு நிறுத்த வேண்டும். ஆக மூன்று. பான்ஃபெரோனி முறையில் தேறும் எதுவும் ஹோல்ம் முறையிலும் தேறும், பிழைக்கான உத்தரவாதமும் அதேதான். அப்படியிருக்க இன்றும் பல ஆய்வுகள் பான்ஃபெரோனியிலேயே நின்றுவிடுவதற்குப் பழக்கம் தவிர வேறு காரணம் இல்லை.

மருந்து ஒப்புதலுக்கான ஆய்வுகளில் இன்னொரு வழியும் உண்டு. கேள்விகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, அந்த வரிசையை ஆய்வு தொடங்குமுன் எழுதிவைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் முழு 0.05லேயே சோதிக்கலாம். ஒன்று தவறியதும் அடுத்தவற்றுக்குப் போகக் கூடாது. இதில் எந்த மதிப்பையும் வகுக்க வேண்டியதில்லை. குடும்பப் பிழை 5 விழுக்காட்டைத் தாண்டுவதும் இல்லை. முதல் கேள்வி தவறிப்போனால் இரண்டாவதில் எவ்வளவு அழகான முடிவு வந்திருந்தாலும் அதை நிரூபணமாகக் கொள்ள முடியாது என்பதே இதற்குக் கொடுக்கும் விலை.

விலை எல்லா முறைக்கும் உண்டு. ஒரு சோதனை தனியாக 0.05 வரம்பில் உண்மையான வேறுபாட்டை 80 விழுக்காடு வாய்ப்போடு பிடிக்கும் என்றால், 20 சோதனைக்கான பான்ஃபெரோனி வரம்பில் அதே சோதனையின் திறன் 41 விழுக்காடாகக் குறையும். 1,000 சோதனைக்கான வரம்பில் 10 விழுக்காடுதான். வலையின் கண்ணை மாற்றினால் எந்த மீன் மாட்டும், எது தப்பும் என்பது மாறும். இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்க ஒரே வழி மாதிரியின் அளவைப் பெருக்குவது. பத்து, இருபது சோதனைகளோடு நின்ற காலம் வரை இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மூளைப் படங்களும் மரபணுத் தரவும் வந்தபின் ஒரே ஆய்வில் பல்லாயிரம் சோதனைகள் என்ற நிலை உருவாயிற்று.

அந்த நிலையில் திருத்தமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை கிரெய்க் பென்னட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் காட்டினார்கள். முழு வளர்ச்சியடைந்த, உயிரற்ற ஒரு சால்மன் மீனை மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் வைத்தார்கள். மனிதர்கள் பலவித மனநிலைகளில் இருக்கும் ஒளிப்படங்கள் அதற்குக் காட்டப்பட்டன. மனிதரிடம் நடத்தும் சோதனையின் ஒழுங்கு ஒன்றும் விடாமல் பின்பற்றப்பட்டது. படத்தை 8,064 சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 0.001 என்ற வரம்பில் சோதித்தபோது 16 இடங்களில் ‘செயல்பாடு’ தெரிந்தது. அவற்றில் ஒரு கொத்து மீனின் மூளை இருக்கும் பகுதியிலேயே அமைந்தது. 8,064ஐ 0.001ஆல் பெருக்கினால் 8. தற்செயலாகவே அந்த அளவில் எதிர்பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கனசதுரங்கள் ஒன்றையொன்று சார்ந்தவையாதலால் எண்ணிக்கை அதைவிட ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். பல சோதனைகளுக்கான திருத்தத்தைச் செய்ததும், வரம்பை 0.25 வரை தளர்த்தியபோதும் கூட, ஓர் இடமும் மிஞ்சவில்லை. 0.001 என்ற வரம்பே போதுமான பாதுகாப்பு என்று நம்பி அந்நாளில் வெளியான மூளை ஆய்வுகள் குறைவல்ல என்பதால் இந்தச் சோதனைக்குப் பெரும் மதிப்பு உண்டு. 2012இல் இதற்கு நரம்பியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

பல்லாயிரம் சோதனைகளில் ஒரு பிழைகூட நேரக் கூடாது என்று கட்டளையிட்டால் உண்மைகளும் சேர்ந்து தொலைந்துபோகும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யோவ் பெஞ்சமினி, யோசஃப் ஹோக்பெர்க் இருவரும் 1995இல் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். கண்டுபிடிப்பு என்று அறிவித்தவற்றில் சராசரியாக எத்தனை பங்கு பொய்யாக இருக்கலாம்? அந்தப் பங்குக்குப் பொய்க் கண்டுபிடிப்பு வீதம் என்று பெயர். 1,000 சோதனைகளில் 100இல் உண்மையான வேறுபாடு இருப்பதாகவும் திறன் 80 விழுக்காடு என்றும் கொண்டால், திருத்தமற்ற 0.05 வரம்பில் 80 உண்மைகள் பிடிபடும். மற்ற 900இல் 45 பொய்களும் சேரும். அறிவிக்கப்படும் 125இல் 45, அதாவது 36 விழுக்காடு பொய். 5 விழுக்காட்டு வரம்பில் சோதித்ததால் 5 விழுக்காடு முடிவுகளே தவறாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் தந்த முறை வியக்கத்தக்க அளவுக்கு எளிது. பி-மதிப்புகளை ஏறுவரிசையில் வைத்து, ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் 0.05ஆல் பெருக்கி, மொத்தச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மேலே கண்ட பத்து மதிப்புகளுக்கு வரும் வரம்புகள் 0.005, 0.010, 0.015, 0.020, 0.025, 0.030 என்று படிப்படியாக ஏறும். பெரிய மதிப்பிலிருந்து கீழ்நோக்கி வந்து, தன் வரம்புக்குள் அடங்கும் முதல் மதிப்பைக் கண்டதும், அதையும் அதற்குச் சிறிய எல்லாவற்றையும் கண்டுபிடிப்பாகக் கொள்ளலாம். ஆறாவது 0.041, தன் வரம்பான 0.030க்குள் இல்லை. ஐந்தாவது 0.023, தன் வரம்பான 0.025க்குள் அடங்குகிறது. ஆக முதல் ஐந்தும் தேறுகின்றன. நான்காவதான 0.0205 தன் சொந்த வரம்பான 0.020ஐச் சற்றுத் தாண்டியிருக்கிறது. ஆனாலும் ஐந்தாவது தேறியதால் அதுவும் தேறிவிடுகிறது. பான்ஃபெரோனியில் 2, ஹோல்மில் 3, இதில் 5.

எந்தச் சோதனையிலும் உண்மையான வேறுபாடு இல்லை என்ற நிலையில் பொய்க் கண்டுபிடிப்பு வீதமும் குடும்பப் பிழை வீதமும் ஒன்றே. எது அறிவிக்கப்பட்டாலும் அது பொய்தானே. உண்மைகள் கூடக் கூடத்தான் இரண்டும் பிரிகின்றன, புதிய முறை தாராளம் காட்டுகிறது. சார்பற்ற சோதனைகளுக்கு 1995லேயே நிறுவப்பட்ட உத்தரவாதம், ஒருவகை நேர்முறைத் தொடர்புள்ள சோதனைகளுக்கும் செல்லும் என்பதை 2001இல் பெஞ்சமினியும் டேனியல் யெகுடியெலியும் நிறுவினார்கள். தொடர்பு எப்படியிருந்தாலும் செல்ல வேண்டுமென்றால் வரம்புகளை 1 + 1/2 + 1/3 என்று சோதனைகளின் எண்ணிக்கை வரை போகும் தொடரின் கூட்டுத்தொகையால் மேலும் வகுக்க வேண்டும். 10 சோதனைக்கு அது 2.93, 1,000க்கு 7.49. ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வீதம் முழுப் பட்டியலுக்கு உரிய சராசரி. 5 விழுக்காட்டில் தயாரித்த பட்டியலின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரபணு தனியாகப் பொய்யாக இருக்கும் வாய்ப்பு அதைவிட மிக அதிகமாக இருக்கலாம்.

எந்த வீதம் ஏற்றது என்பது முடிவின் விளைவைப் பொறுத்தது. 20,000 மரபணுக்களிலிருந்து அடுத்த கட்ட ஆய்வுக்குச் சில நூறைச் சலித்தெடுப்பவருக்குப் பத்தில் ஒன்று பொய்யானால் பெரிய நட்டமில்லை. அடுத்த சோதனை அதைக் களைந்துவிடும். ஒரு மருந்துக்கு ஒப்புதல் கொடுக்கும் இடத்தில் அடுத்த சோதனை நோயாளியின் உடலில் நடக்கும். அங்கே குடும்பப் பிழை வீதத்தைத் தளர்த்தக் கூடாது.

நோய்களோடு தொடர்புள்ள மரபு வேறுபாடுகளைத் தேடும் முழு மரபணுத்தொகுதி ஆய்வுகள் பொய்க் கண்டுபிடிப்பு வீதத்தை ஏற்காமல் பழைய கண்டிப்பையே பிடித்துக்கொண்டன. மனித மரபணுத்தொகுதியில் பொதுவாகக் காணப்படும் வேறுபாடுகள் ஏறத்தாழ பத்து லட்சம் சார்பற்ற சோதனைகளுக்குச் சமம் என்ற மதிப்பீட்டில், 0.05ஐப் பத்து லட்சத்தால் வகுத்து, 5×10⁻⁸, அதாவது இரண்டு கோடியில் ஒன்று என்ற வரம்பை வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் சந்தேகப்பட்ட ஒரு மரபணுவை மட்டும் சில நூறு பேரிடம் சோதித்து 0.05இல் அறிவிக்கும் வழக்கம் இருந்தது. மனச்சோர்வு நோய்க்கு அப்படி அறிவிக்கப்பட்டவற்றில் அதிகம் ஆராயப்பட்ட 18 மரபணுக்களை 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவில் மறுபடி சோதித்தபோது, தற்செயலாக எடுத்த மரபணுக்களைவிட அவை எவ்விதத்திலும் மேலாக இல்லை. அந்த மரபணுக்களைச் சுற்றி ஏராளமான கட்டுரைகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்குச் செலவான உழைப்பு மிகப் பெரிது.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் பல சோதனைகளாகும். மருந்து ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே தரவு சேரச் சேர இடையிடையே பார்த்து, 0.05ஐ எட்டியதும் நிறுத்திக்கொள்வதாக வைத்துக்கொண்டால், ஐந்து முறை பார்த்தால் பிழை 14 விழுக்காடாகவும் பத்து முறை பார்த்தால் 19 விழுக்காடாகவும் ஏறும் என்று ஆர்மிட்டேஜும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் கணக்கிட்டார்கள். பின்னர் வந்த பொக்காக் (1977), ஓப்ரையன்–ஃப்ளெமிங் (1979) முறைகள் ஒவ்வொரு பார்வைக்கும் உரிய வரம்பை வகுத்துக் கொடுக்கின்றன. தொடக்கத்தில் மிகக் கடுமையாக இருந்து முடிவில் ஏறத்தாழ 0.05ஐ நெருங்கும் இரண்டாவது வகையே இப்போது அதிகம் விரும்பப்படுகிறது.

திருத்தமே கூடாது என்ற கட்சியும் உண்டு. கென்னத் ராத்மன் 1990இல் எழுதிய கட்டுரை அதன் வலுவான வாதம். எல்லா இன்மைக் கருதுகோள்களும் ஒருசேர உண்மை என்ற அனுமானமே இயற்கைக்குப் புறம்பானது. ஒரு முடிவின் மதிப்பு, அதே ஆய்வாளர் வேறென்ன பார்த்தார் என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது. திருத்தம் உண்மையான தொடர்புகளைப் புதைத்துவிடும் என்பன அவர் சொன்ன காரணங்கள். மூன்றாவது காரணத்தில் வலு இருக்கிறது. குடும்பம் என்பதன் எல்லை எது என்பதும் நேர்மையான கேள்வியே. ஓர் ஆய்வாளர் வாழ்நாள் முழுதும் செய்த சோதனைகளை யாரும் ஒரு குடும்பமாகக் கொள்வதில்லை. ஆனால் இரண்டாவது காரணம், தேடிப் பொறுக்கி எடுத்த முடிவுக்குப் பொருந்தாது. சேர்ந்து ஒரு முடிவைத் தாங்கும் சோதனைகள், அதாவது அவற்றில் எது வென்றாலும் ஒரே அறிவிப்பு வெளிவரும் என்ற நிலையில் உள்ளவை, ஒரு குடும்பம். அந்த அளவுகோல் பெரும்பாலான இடங்களில் போதும்.

எண்ணிக்கை தெரிந்த சோதனைகளுக்கே மேற்சொன்ன முறைகளெல்லாம். எந்த அளவை முதன்மை விளைவாகக் கொள்வது, எந்த வயதில் வெட்டுவது, யாரை விலக்குவது, எந்தத் திருத்தக் காரணியைச் சேர்ப்பது என்று ஆய்வாளர் தரவைப் பார்த்தபடியே எடுக்கும் முடிவுகள் எழுதப்படாத சோதனைகள். ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்தவரும், தரவு வேறாக வந்திருந்தால் வேறு சோதனையைச் செய்திருப்பார் என்றால், பல சோதனை செய்தவரே. இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது. முதன்மைக் கேள்வியை ஆய்வு தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் எழுதிவைப்பதே வழி. அமெரிக்க மருந்து ஆய்வுப் பதிவேடு 2000இல் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய பதிவேடு 2007இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாயிற்று. கப்லன், இர்வின் இருவரும் அமெரிக்க இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதியளித்த பெரிய ஆய்வுகளை எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, 2000க்கு முன் வெளியான 30 ஆய்வுகளில் 17 ஆய்வுகள் முதன்மை விளைவில் பலன் காட்டின. அதன் பின் வெளியான 25இல் 2 ஆய்வுகளே. சிகிச்சைத் தரம் உயர்ந்தது போன்ற காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் 17இலிருந்து 2க்கு இறங்கியதில் பதிவேட்டின் பங்கு பெரிது என்று கொள்வதே நியாயம்.

துகள் இயற்பியலாளர்கள் இதே சிக்கலை ‘வேறிடத்திலும் பார்த்த விளைவு’ என்று சொல்கிறார்கள். புதிய துகள் எந்த நிறையில் இருக்கும் என்று தெரியாமல் பரந்த ஆற்றல் எல்லை முழுவதையும் துழாவும்போது, எங்காவது ஒரு மேடு தற்செயலாகத் தோன்றியே தீரும். ஆகவே ஒவ்வொரு மேட்டுக்கும் இரண்டு எண்களை வெளியிடுவது வழக்கம்: அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்திருந்தால் எவ்வளவு அரிது, தேடிய எல்லை முழுவதையும் கணக்கில் கொண்டால் எவ்வளவு அரிது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா, அதாவது ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று என்ற கண்டிப்பான வரம்புக்கும் இது ஒரு காரணம். 2012 ஜூலையில் ஹிக்ஸ் துகள் இந்த வரம்பை எட்டியது. 2015 டிசம்பரில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் நிறுவனத்தில் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு பெரும் ஆய்வுகளும் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு மேட்டைக் கண்டன. அட்லஸில் ஓரிடக் கணக்கு 3.6 சிக்மா, முழு எல்லையையும் சேர்த்தால் 2.0. சி.எம்.எஸ்.ஸில் 2.6; முழு எல்லைக்கு 1.2. சிறிய எண்களையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆனாலும் அந்தத் துகளை விளக்க மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன.

2016இல் சேர்ந்த தரவு முந்தையதைவிடப் பல மடங்கு பெரிது. அதைப் பார்ப்பதற்கு முன்பே எங்கே பார்ப்பது என்பது தீர்மானமாகிவிட்டது: 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். துழாவல் இல்லை, கேள்வி ஒன்றுதான். ஆகவே அந்த ஓரிடத்துக்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் சிக்காகோ மாநாட்டில் இரண்டு குழுக்களும் தம் முடிவை வெளியிட்டன. புதிய தரவில் அந்த மேடு இல்லை.